இத்தாலிய இலக்கணத்தின் பெயர்ச்சொல் கலைச்சொற்களை ஆங்கிலமாக்குவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இத்தாலியப் பள்ளி இலக்கணமோ, அகராதி முன்னுரையோ, மொழியியல் கட்டுரையோ ஆங்கிலத்துக்கு மாற்ற வேண்டிய வேலையாகக் கைக்கு வந்தால், வாக்கியங்கள் எப்படியோ ஓடிவிடும். கலைச்சொல் வரும் இடத்தில்தான் கை நிற்கும். பெயர்ச்சொல் அத்தியாயத்தில் இது ரொம்பவே அதிகம், ஏனென்றால் அங்கே இத்தாலியச் சொல்லும் ஆங்கிலச் சொல்லும் ஒரே லத்தீன் வயிற்றில் பிறந்து ஒரே முகத்தோடு இருக்கும், செய்யும் வேலை மட்டும் வேறாக இருக்கும். இந்த வேலைக்குப் புதிதாக வருபவர்கள் வழக்கமாகக் கேட்பவை கீழே. இத்தாலியச் சொல், ஆங்கிலச் சொல் இரண்டையும் ஒலிப்பை ஒட்டித் தமிழிலேயே எழுதியிருக்கிறேன்.

'நோமே' என்பதும் 'சொஸ்தந்தீவோ' என்பதும் ஒன்றுதானா?

இன்றைய புத்தகங்களில் ஒன்றுதான், இரண்டுக்கும் 'நவுன்' போட்டால் போதும். இத்தாலியில் ஒரே சொல்லைத் திரும்பத் திரும்ப எழுதக் கூடாது என்று பள்ளியிலேயே சொல்லி வளர்ப்பதால், ஆசிரியர்கள் ஒரே பத்தியில் இரண்டையும் மாற்றி மாற்றிப் போடுவார்கள். நீங்களும் அதே மாதிரி ஒருமுறை 'நவுன்', அடுத்த வரியில் 'சப்ஸ்டன்டிவ்' என்று எழுதினால், ஆங்கிலத்தில் படிப்பவர் இவை இரண்டு வேறு வகை என்று எடுத்துக்கொள்வார். ஒன்றையே பிடித்துக்கொள்ளுங்கள்.

பழைய நூல் என்றால் மட்டும் கவனம் வேண்டும். லத்தீன் மரபில் 'நோமென்' என்பது பெயர்ச்சொல், பெயரடை இரண்டையும் சேர்த்துக் குறித்தது. அதன் இரண்டு கிளைகள்தான் 'நோமே சொஸ்தந்தீவோ', 'நோமே அஜ்ஜெத்தீவோ'. ஆங்கிலத்தின் பழைய இலக்கணங்களிலும் 'நவுன் சப்ஸ்டன்டிவ்', 'நவுன் அட்ஜெக்டிவ்' என்ற ஜோடி உண்டு. அதனால் 16ஆம் நூற்றாண்டு நூலில் வெறும் 'நோமே' என்று வந்தால், அதற்குள் பெயரடையும் அடங்கியிருக்கிறதா என்று எடுத்துக்காட்டுகளைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். இன்னொன்று, விண்ணப்பப் படிவத்தில் வரும் 'நோமே எ கொன்யோமே' வெறும் பெயரும் குடும்பப் பெயரும்தான், இலக்கணத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

'சொஸ்தந்திவாதோ' என்று வருகிறதே?

பெயராக்கப்பட்டது. 'இ ரிக்கி' என்றால் பணக்காரர்கள். பெயரடை பெயர்ச்சொல்லாக நிற்கிறது. மொழி கற்பவருக்கு 'அட்ஜெக்டிவ் யூஸ்ட் அஸ் எ நவுன்' என்று விரித்து எழுதலாம், மொழியியலாளருக்கு 'நாமினலைஸ்ட் அட்ஜெக்டிவ்'.

யாருக்காக எழுதுகிறோம் என்பதைப் பொறுத்து கலைச்சொல் மாறுமா?

மாறும், மாறித்தான் ஆக வேண்டும். எனக்குத் தெரிந்து இந்த வேலையில் பாதிக் குழப்பம் இதை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளாததால் வருகிறது. வாசகர்கள் மூன்று வகை. இத்தாலியன் கற்கும் ஆங்கிலக்காரருக்கு விளக்கம் போதும், பெரிய பெயர் வேண்டாம். மொழியியல் படித்தவருக்குத் துல்லியமான துறைச் சொல் வேண்டும், விரித்து எழுதினால் அவருக்கு எரிச்சல் வரும். மூன்றாவது, இத்தாலியப் பள்ளிகளில் என்ன கற்பிக்கிறார்கள் என்று ஆராய்கிற கல்வித் துறை ஆள். அவருக்கு அந்த இத்தாலியச் சொல்லே வேண்டும், பக்கத்தில் ஒரு வரி விளக்கத்தோடு. ஒரே சொல்லுக்கு மூன்று பேருக்கும் மூன்று விடை சரியாக இருக்கலாம், அதனால் 'இதற்கு ஆங்கிலத்தில் என்ன' என்று மட்டும் கேட்டால் பதில் சொல்வது கஷ்டம்.

'ஜேனெரே மஸ்கீலே' என்பதை 'மேல்' என்று எழுதலாமா?

கூடாது. இலக்கணப் பாலுக்கு ஆங்கிலத்தில் 'மஸ்குலின்', 'ஃபெமினின்'. உயிரியல் பாலினத்துக்குத்தான் 'மேல்', 'ஃபீமேல்'. இத்தாலியனிலும் பெரும்பாலும் இந்தப் பிரிவு உண்டு: 'மஸ்கீலே', 'ஃபெம்மினீலே' இலக்கணத்துக்கு, 'மாஸ்கியோ', 'ஃபெம்மினா' உயிருக்கு.

தமிழர்கள் இங்கே ஒரு தடவை கூடுதலாக யோசிக்க வேண்டியிருக்கும், ஏனென்றால் நம் இலக்கணத்தில் பால் பொருளைப் பார்த்து வருவது. மேசை அஃறிணை, அவ்வளவுதான், அதில் ஆண் பெண் என்ற பேச்சே இல்லை. இத்தாலியனில் மேசை 'இல் தாவொலோ' என்று ஆண்பாலிலும் 'லா தாவொலா' என்று பெண்பாலிலும், கொஞ்சம் வேறு பொருளில் வரும். காவலர் ஆணாகவே இருந்தாலும் 'லா குவார்தியா' பெண்பால். உச்சஸ்தாயியில் பாடும் பெண் 'இல் சொப்ரானோ', ஆண்பால். இப்படிப்பட்ட இடத்தில் 'மேல் நவுன்' என்று எழுதினால் வாக்கியமே தலைகீழாகிவிடும்.

'நோமி மோபிலி', 'நோமி இந்திபெந்தெந்தி', 'ஜேனெரே கொமூனே', 'ஜேனெரே ப்ரொமிஸ்குவோ'. இந்த நான்கையும் என்ன செய்வது?

இந்த நால்வர் அணி இத்தாலியப் பள்ளிப் புத்தகம் எல்லாவற்றிலும் உண்டு. மனிதரையும் விலங்கையும் குறிக்கும் பெயர்கள் ஆண்பாலிலிருந்து பெண்பாலுக்கு எப்படிப் போகின்றன என்பதை வைத்துப் பிரித்தது. ஆங்கிலத்தில் இலக்கணப் பாலே கிட்டத்தட்ட இல்லாததால் இப்படி ஒரு பட்டியலுக்கு அங்கே தேவை வரவில்லை, அதனால் நேர்ச்சொல்லும் கிடையாது.

'மோபிலி' என்றால் ஈறு மாறி நகர்பவை: 'ஃபீல்யோ', 'ஃபீல்யா' என்று மகனும் மகளும், 'அத்தோரே', 'அத்ரீச்சே' என்று நடிகனும் நடிகையும், 'ப்ரொஃபெஸ்ஸோரே', 'ப்ரொஃபெஸ்ஸொரேஸ்ஸா'. இதை 'மொபைல் நவுன்ஸ்' என்று எழுதினால் கைபேசிதான் நினைவுக்கு வரும். 'நவுன்ஸ் வித் மஸ்குலின் அண்ட் ஃபெமினின் ஃபார்ம்ஸ்' என்று நீட்டி எழுதுங்கள், நீளம் பரவாயில்லை.

'இந்திபெந்தெந்தி' என்றால் இரண்டு பாலுக்கும் வேறு வேறு வேர்: 'பாத்ரே', 'மாத்ரே' என்று அப்பாவும் அம்மாவும், 'வோமோ', 'தோன்னா' என்று ஆணும் பெண்ணும், 'தோரோ', 'முக்கா' என்று காளையும் பசுவும். 'இண்டிபெண்டன்ட் நவுன்ஸ்' என்றால் ஆங்கிலத்தில் ஒரு பொருளும் வராது. 'பேர்ஸ் வித் டிஃபரன்ட் ரூட்ஸ்' போதும். மொழியியலாளருக்கு 'சப்ளிட்டிவ் பேர்ஸ்' என்று எழுதலாம்.

'ஜேனெரே கொமூனே' என்பது ஒரே வடிவம், முன்னால் வரும் ஆர்ட்டிகிள், அதாவது 'இல்', 'லா' போன்ற சிறு சொல், மட்டும் மாறும். 'இல் கந்தாந்தே', 'லா கந்தாந்தே' என்று பாடகரும் பாடகியும். 'நிப்போத்தே', 'கொல்லேகா' இவையும் அப்படித்தான். 'நவுன்ஸ் ஆஃப் காமன் ஜெண்டர்' என்பது சரியான மரபுச் சொல், ஆனால் இரண்டு பள்ளம் இருக்கிறது. ஒன்று, 'நோமே கொமூனே' என்பது 'காமன் நவுன்', அதாவது சிறப்புப் பெயருக்கு எதிரான பொதுப்பெயர். அவசரத்தில் இரண்டையும் ஒன்றாக்கிவிடுவோம். இரண்டு, ஸ்வீடிஷ், டேனிஷ் மொழிகளைப் பற்றிப் பேசும்போது 'காமன் ஜெண்டர்' என்றால் ஆண்பாலும் பெண்பாலும் கலந்து ஒரே பாலாகிப்போன ஒரு வகுப்பு, அது முற்றிலும் வேறு சங்கதி. பல மொழிகளை ஒப்பிடும் நூலில் இதை எழுதினால் முதல் தடவை ஒரு வரி விளக்கம் சேர்த்துவிடுங்கள்.

கடைசி ஆள் 'ப்ரொமிஸ்குவோ'. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே பெயர், ஒரே இலக்கணப் பால்: 'லா தீக்ரே' என்றால் புலி, எப்போதும் பெண்பால், ஆண்புலி வேண்டுமானால் 'லா தீக்ரே மாஸ்கியோ' என்று சேர்க்க வேண்டும். 'லா வோல்ப்பே' நரி, 'இல் லெயொபார்தோ' சிறுத்தை, இவையும் இப்படியே. இதை 'ப்ரொமிஸ்குவஸ் நவுன்ஸ்' என்று எழுதினால் பாவம் அந்தப் பெயர்ச்சொல்லின் நடத்தையைப் பற்றிச் சந்தேகம் வந்துவிடும். 'எபிசீன் நவுன்ஸ்' என்று எழுதுங்கள். இத்தாலியனிலும் 'எப்பிச்சேனோ' என்று இதற்கு இன்னொரு பெயர் உண்டு. ஆனால் இன்றைய ஆங்கிலத்தில் 'எபிசீன்' என்பதை இரு பாலுக்கும் பொதுவான எதற்கும் தாராளமாகப் பயன்படுத்துகிறார்கள், 'தே' என்ற பிரதிப்பெயரைக்கூட அப்படிச் சொல்வதுண்டு. அதனால் 'கந்தாந்தே' வகைக்கும் 'தீக்ரே' வகைக்கும் ஒரே 'எபிசீன்' போட்டுவிட்டால் மூலத்தின் பிரிவு காணாமல் போய்விடும்.

பெண் அமைச்சர், பெண் மேயர் மாதிரியான சொற்களைப் பற்றிய பகுதி வந்தால்?

அது இத்தாலியில் சூடான விஷயம். 1987இல் அல்மா சபத்தீனி, மொழியில் பாலின ஏற்றத்தாழ்வு கூடாது என்று அரசுக்காகத் தயாரித்த பரிந்துரைகளிலிருந்து இன்றுவரை 'மினிஸ்த்ரா', 'சீந்தகா', 'அவ்வொகாத்தா' சரியா என்ற விவாதம் ஓய்ந்தபாடில்லை. மொழிபெயர்ப்பில் 'ஃபெமினின் ஃபார்ம்' என்று எழுதுங்கள், 'ஃபீமேல் ஃபார்ம்' வேண்டாம். எடுத்துக்காட்டுகளை இத்தாலியனிலேயே விட்டுவிட வேண்டும், ஏனென்றால் ஆண்பால் 'மினிஸ்த்ரோ', பெண்பால் 'மினிஸ்த்ரா' இரண்டும் ஆங்கிலத்தில் 'மினிஸ்டர்' ஆகிவிட்டால் சண்டை எதைப் பற்றி என்றே வாசகருக்குப் புரியாது.

'நோமி திஃபெத்தீவி' என்றால் குறைபாடுள்ள பெயர்களா?

ஒருமை மட்டும் அல்லது பன்மை மட்டும் உள்ளவை. 'டிஃபெக்டிவ் நவுன்' என்பது ஆங்கிலத்தில் தப்பில்லை, ஆனால் ஆங்கில வாசகர் 'டிஃபெக்டிவ்' என்பதை வினைச்சொல்லோடு பார்த்துத்தான் பழகியவர். கற்பவருக்கு 'நவுன்ஸ் யூஸ்ட் ஒன்லி இன் தி ப்ளூரல்' என்று போடுங்கள். மொழியியலாளருக்கு லத்தீன் சொல்: ஒன்று என்றால் 'ப்ளுராலே டாண்டும்', பல என்றால் 'ப்ளுராலியா டாண்டும்'. இந்த ஒருமை பன்மையைக் கோட்டைவிட்டால் படித்தவர்கள் உடனே பிடித்துவிடுவார்கள்.

எடுத்துக்காட்டுகளில்தான் உண்மையான தொல்லை. 'லே ஃபோர்பிச்சி' என்ற கத்தரிக்கோல் இரு மொழியிலும் பன்மை, பிரச்சினை இல்லை. 'லே நோத்ஸே' என்ற திருமணம் இத்தாலியனில் பன்மை மட்டும், ஆங்கிலத்தில் சாதாரண ஒருமை. மறுபக்கம் 'இன்ஃபொர்மத்ஸியோனே', 'கொன்ஸீல்யோ' இரண்டும் இத்தாலியனில் எண்ணக்கூடியவை, ஒரு தகவல், இரண்டு அறிவுரை என்று சொல்லலாம். ஆங்கிலத்தின் 'இன்ஃபர்மேஷன்', 'அட்வைஸ்' எண்ண முடியாதவை. ஆக, மூலம் 'இந்தச் சொல்லுக்கு ஒருமை இல்லை' என்று சொல்லும்போது பக்கத்தில் ஆங்கிலப் பொருளை மட்டும் எழுதி வைத்தால் அந்த வாக்கியமே பொய் மாதிரி தெரியும். இத்தாலியச் சொல், அதற்கு அடுத்து பொருள், இந்த வரிசை மாறவே கூடாது.

'நோமி சொவ்ரப்பொந்தான்தி'க்கு 'டபிள் ப்ளூரல்' என்று பார்த்தேன். சரியா?

சரியில்லை. முதலில் அது என்னவென்று பார்த்துவிடலாம். சில பெயர்களுக்கு இரண்டு பன்மை உண்டு. 'மூரோ' என்றால் சுவர். வீட்டுச் சுவர்கள் 'இ மூரி', நகரத்தைச் சுற்றிய கோட்டைச் சுவர் 'லே மூரா'. லூக்கா நகருக்குப் போனவர்கள் மேலே நடந்திருப்பார்களே, அது 'மூரா'. 'ப்ராச்சோ' என்றால் கை. மனிதக் கைகள் 'லே ப்ராச்சா', விளக்கின் கிளைகளும் ஆற்றின் கிளைகளும் 'இ ப்ராச்சி'. 'மெம்ப்ரோ'வுக்கு 'மெம்ப்ரி' என்றால் உறுப்பினர்கள், 'மெம்ப்ரா' என்றால் உடலின் உறுப்புகள். 'சீல்யோ'வுக்கு 'சீல்யா' கண்ணிமை மயிர், 'சீல்யி' சாலை விளிம்புகள். இந்த '-ஆ' பன்மைகள் லத்தீனின் அலிப்பால் பன்மையின் மிச்சம்; ஒருமையில் ஆண்பால், பன்மையில் பெண்பால் என்று குதிக்கும்.

ஆங்கில வரலாற்று மொழியியலில் 'டபிள் ப்ளூரல்' என்றால் பன்மை ஈறு இரண்டு தடவை ஒட்டியது. 'சில்ட்ரன்' அப்படித்தான் உருவானது. இத்தாலியச் சொற்களில் ஈறு இரண்டு தடவை ஒட்டவில்லை, இரண்டு தனித்தனிப் பன்மைகள் இருக்கின்றன. எனவே 'நவுன்ஸ் வித் டூ ப்ளூரல்ஸ்'. 'பிரதர்' என்பதற்கு 'பிரதர்ஸ்', 'பிரெதரன்' என்று இருப்பதைப் பக்கத்தில் காட்டினால் ஆங்கிலக்காரர் உடனே பிடித்துக்கொள்வார்.

'ஓவர்அபண்டன்ட்' என்று சொல்லுக்குச் சொல் எழுதினால்? இத்தாலிய மொழியியலாளர் ஆன்னா தோர்ன்டன் 'ஓவர்அபண்டன்ஸ்' என்பதை உருபனியலில் ஒரு கலைச்சொல்லாகவே நிலைநிறுத்தியிருக்கிறார். ஆனால் அது ஒரே இடத்துக்கு இரண்டு வடிவங்கள், ஒன்றுக்குப் பதில் மற்றொன்றைப் போட முடிகிற நிலைமையைச் சொல்வது. பள்ளிச் சொல்லோ 'மூரி', 'மூரா' மாதிரி பொருள் பிரிந்துபோனவற்றையும் சேர்த்து அள்ளுகிறது. ஆகவே மொழியியல் கட்டுரையில் இந்தச் சொல்லைக் கண்ணை மூடிக்கொண்டு போடாதீர்கள். இன்னொரு கவனம்: 'வோவோ', அதாவது முட்டை, 'வோவா' என்றுதான் பன்மையாகும், அதற்கு இரண்டாவது பன்மை இல்லை. அது வெறுமனே பன்மையில் பால் மாறும் பெயர், இந்தப் பட்டியலில் சேராது.

'இன்வரியாபிலி'?

'இன்வேரியபிள்'. இதில் பஞ்சாயத்து இல்லை. 'சித்தா', 'கஃப்பே', 'க்ரீஸி', 'ஃபோத்தோ', 'ஃபில்ம்' எல்லாம் ஒருமையிலும் பன்மையிலும் ஒரே வடிவம்.

'நோமி அல்தெராத்தி'. அகராதி 'ஆல்டர்டு நவுன்ஸ்' என்கிறது. அப்படியே விடலாமா?

விடாதீர்கள். 'ஆல்டர்டு' என்றால் ஆங்கிலத்தில் திருத்தப்பட்டது, தைத்துச் சரிசெய்த சட்டை. இத்தாலியனில் இது ஒரு தனி வகை: பொருளின் அடிப்படை மாறாமல், அளவையோ பேசுபவரின் மனநிலையையோ பின்னொட்டு சேர்த்துச் சொல்வது. 'ரகாத்ஸோ' பையன், 'ரகாத்ஸீனோ' சின்னப் பையன், 'ரகாத்ஸோனே' வாட்டசாட்டமான பையன், 'ரகாத்ஸாச்சோ' போக்கிரிப் பையன். மொழியியல் ஆங்கிலத்தில் இந்தக் குடும்பத்துக்கு 'இவாலுவேட்டிவ்' என்று பெயர், 'இவாலுவேட்டிவ் சஃபிக்ஸ்' என்றால் துறை ஆட்களுக்குப் புரியும். மற்றவர்களுக்கு 'நவுன்ஸ் வித் டிமினுட்டிவ், ஆக்மென்டேட்டிவ் ஆர் பெஜரேட்டிவ் சஃபிக்ஸஸ்' என்று உடைத்து எழுதுவதைத் தவிர வழியில்லை.

உட்பிரிவுகளில் 'திமினுத்தீவோ' 'டிமினுட்டிவ்', 'அக்ரெஷித்தீவோ' 'ஆக்மென்டேட்டிவ்'. 'பெஜ்ஜொரத்தீவோ', 'திஸ்ப்ரெஜத்தீவோ' இரண்டுக்கும் 'பெஜரேட்டிவ்' போதும், மூலநூல் இரண்டையும் பிரித்து வரையறுத்திருந்தால் மட்டும் வேறு வழி தேடுங்கள். சிக்கல் 'வெத்ஸெஜ்ஜத்தீவோ'வில். கொஞ்சுவது என்ற வினையிலிருந்து வந்த சொல். 'தெஸொரூச்சோ' என்றால் செல்லத் தங்கம், 'ஒர்ஸக்கியோத்தோ' என்றால் செல்லக் கரடிக்குட்டி. இதற்கு 'டெர்ம் ஆஃப் என்டியர்மென்ட்' என்று சிலர் போடுகிறார்கள், ஆனால் அது 'டார்லிங்' மாதிரி கூப்பிடும் சொல்லைக் குறிக்கும், பின்னொட்டு வகையைக் குறிக்காது. 'ஹைப்பொகொரிஸ்டிக்' பெரும்பாலும் ஆட்களின் செல்லப் பெயருக்கு, ஜுஸேப்பேயை பெப்பே என்பது போல. நான் போடுவது 'அஃபெக்ஷனேட் டிமினுட்டிவ்'. யாரும் குறை சொன்னதில்லை.

இந்தப் பகுதியில் மூலநூல் இன்னொன்றும் சொல்லும், கவனியுங்கள். பெரிதாக்கும் '-ஓனே' பின்னொட்டு பெண்பால் பெயரை ஆண்பாலாக்கிவிடும்: 'லா போர்த்தா' கதவு, 'இல் பொர்த்தோனே' கட்டடத்தின் பெரிய வாசற்கதவு, 'லா தோன்னா' பெண், 'இல் தொன்னோனே' ஆஜானுபாகுவான பெண். ஆங்கிலத்தில் எழுதும்போது ஆர்ட்டிகிளைச் சேர்த்தே எழுதினால்தான் இந்த மாற்றம் தெரியும்.

'ஃபால்ஸி அல்தெராத்தி' எடுத்துக்காட்டுகளை ஆங்கிலத்தில் மாற்றிக்கொள்ளலாமா?

இது பள்ளிப் பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடித்த பகுதி. பின்னொட்டு சேர்ந்த மாதிரி தெரியும், ஆனால் சேரவில்லை. 'மத்தோனே' பெரிய பைத்தியம் இல்லை, செங்கல். 'பொத்தோனே' பெரிய பீப்பாய் இல்லை, பொத்தான். 'புர்ரோனே'வுக்கும் வெண்ணெய்க்கும் உறவில்லை, அது மலைப் பள்ளம். 'தக்கீனோ' சின்ன குதிகால் இல்லை, வான்கோழி. 'ஃபொகாச்சா' மோசமான கடல்நாய் இல்லை, அடுப்பில் சுட்ட ரொட்டி. ஆங்கிலத்தில் இதே போல் வேடிக்கையான சொற்கள் தேடிப் போட ஆசை வரும். ஆங்கிலப் பிள்ளைகளுக்கான புதுப் புத்தகம் என்றால் போடுங்கள். இத்தாலிய இலக்கணத்தை விவரிக்கும் நூல் என்றால் இத்தாலியச் சொல்லையும், போலியாகத் தெரியும் பொருளையும், உண்மைப் பொருளையும் மூன்றாக எழுதுங்கள். சிரிப்பு கொஞ்சம் குறையும், வேறு என்ன செய்ய.

'ப்ரிமித்தீவோ', 'தெரிவாதோ', 'ராதீச்சே', 'தெஸினென்த்ஸா'?

'தெரிவாதோ' 'டிரைவ்ட்'. 'ப்ரிமித்தீவோ'வை 'ப்ரிமிடிவ்' என்று எழுதினால் கற்கால மனிதன் ஞாபகம் வரும், 'பேஸ் நவுன்' அல்லது 'அண்டிரைவ்ட் நவுன்' நல்லது. 'தெஸினென்த்ஸா'வுக்கு 'எண்டிங்'. 'டெஸினன்ஸ்' என்று ஆங்கிலத்தில் ஒரு சொல் இருக்கத்தான் செய்கிறது, கற்பவர் யாருக்கும் தெரியாது.

'ராதீச்சே' கொஞ்சம் வழுக்கும். பள்ளிப் புத்தகம் 'லீப்ரோ' என்ற சொல்லில் கடைசி ஈற்றை நீக்கி மிஞ்சுவதை 'ராதீச்சே' என்கிறது. அங்கே 'ரூட்' சரி. ஆனால் 'லிப்ராயோ', அதாவது புத்தகக் கடைக்காரர் என்ற சொல்லில், பின்னொட்டும் சேர்ந்து நிற்கும் பகுதிக்கு ஆங்கிலத்தில் 'ஸ்டெம்' என்பார்கள், 'ரூட்' என்பது அதற்குள்ளே இருக்கும் 'லிப்ர்' மட்டும். மூலநூல் எந்தப் பகுதியைக் கோடிட்டிருக்கிறது என்று பாருங்கள். அப்புறம், இத்தாலியப் பள்ளியில் 'சுஃபீஸ்ஸோ' என்றால் புதுச்சொல் ஆக்கும் பின்னொட்டு மட்டும். ஆங்கிலத்தில் பன்மையின் 'எஸ்' கூட 'சஃபிக்ஸ்'தான். மூலத்தில் 'இது சுஃபீஸ்ஸோ இல்லை, தெஸினென்த்ஸா' என்று வந்தால் 'டெரிவேஷனல் சஃபிக்ஸ்', 'இன்ஃப்ளெக்ஷனல் எண்டிங்' என்று இரண்டையும் அடைமொழியோடு எழுத வேண்டும்.

'நோமே கொல்லெத்தீவோ' 'கலெக்டிவ் நவுன்'தானே?

ஆமாம். ஆனால் 'லா ஜேந்தே' இத்தாலியனில் ஒருமை வினை எடுக்கும், ஆங்கிலத்தின் 'பீப்பிள்' பன்மை வினை எடுக்கும். 'கூட்டப் பெயர் எப்போதும் ஒருமை' என்று மூலம் சொன்னால் 'இன் இட்டாலியன்' என்று இரண்டு சொல் சேர்த்துவிடுங்கள், பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் 'டீம்' கூடப் பன்மை வினை எடுக்கிறது.

ஆர்ட்டிகிள் பெயர்களில் என்ன பொறி?

'அர்த்தீகொலோ தெத்தெர்மினத்தீவோ' என்பது 'டெஃபினிட் ஆர்ட்டிகிள்'. 'டிட்டர்மினேட்டிவ் ஆர்ட்டிகிள்' என்று எழுதாதீர்கள். ஆங்கில மொழியியலில் 'டிட்டர்மினேட்டிவ்' வேறு ஒரு சொல்வகைக்குப் போய்விட்டது. 'இந்தெத்தெர்மினத்தீவோ' 'இண்டெஃபினிட்', 'பர்த்தித்தீவோ' 'பார்டிடிவ்'. 'ப்ரெபொஸித்ஸியோனே அர்த்திகொலாத்தா' என்பது 'தெல்', 'நெல்லோ', 'ஸுல்லா' போல முன்னிடைச்சொல்லும் ஆர்ட்டிகிளும் ஒட்டியது. 'ஆர்ட்டிகுலேட்டட் ப்ரிபொசிஷன்' என்று ஆங்கிலப் பாடப்புத்தகங்களே எழுதிப் பரப்பிவிட்டதால் இத்தாலியன் கற்பவர்களுக்கு அது புரியும். மற்றவர்களுக்கு, தெளிவாக உச்சரித்த முன்னிடைச்சொல் என்று படும். 'ப்ரிபொசிஷன் கம்பைண்ட் வித் தி ஆர்ட்டிகிள்' என்பது என் விருப்பம்.

'கொம்ப்லெமேந்தோ' என்றால் 'காம்ப்ளிமென்ட்' இல்லையா?

பெரும்பாலும் இல்லை, பெயர்ச்சொல் அத்தியாயத்தைத் தாண்டியதும் வரும் மிகப் பெரிய பொறி இதுதான். ஆங்கிலப் பள்ளி இலக்கணத்தில் 'ஷி இஸ் எ டாக்டர்' என்பதில் 'எ டாக்டர்' காம்ப்ளிமென்ட். இத்தாலியனில் எழுவாயும் பயனிலையும் போக மிச்சம் கிட்டத்தட்ட எல்லாமே 'கொம்ப்லெமேந்தோ'. 'கொம்ப்லெமேந்தோ ஒஜ்ஜேத்தோ' என்றால் 'டைரக்ட் ஆப்ஜெக்ட்'. 'கொம்ப்லெமேந்தோ தி தேர்மினே' என்றால் 'இண்டைரக்ட் ஆப்ஜெக்ட்'; 'தேர்மினே' என்பதைப் பார்த்து 'டெர்ம்' என்று எழுதிவிட வேண்டாம். 'தி மேத்ஸோ' (கருவி), 'தி கொம்பன்யீயா' (உடனிகழ்ச்சி), 'தி காவ்ஸா' (காரணம்), 'தி லுவோகோ' (இடம்) எல்லாம் ஆங்கிலத்தில் 'அட்வெர்பியல்' என்ற ஒரே குடைக்குள் போய்விடும்.

இங்கே தமிழ் இலக்கணம் படித்தவர்களுக்கு ஒரு வசதி. இத்தாலியர்கள் செய்வது நம் வேற்றுமைப் பொருள் பிரிப்புதான். மூன்றாம் வேற்றுமைக்குக் கருவி, கருத்தா, உடனிகழ்ச்சி என்கிறோம். அவர்களின் 'மேத்ஸோ', 'அஜேந்தே', 'கொம்பன்யீயா' அதே மூன்று. ஐந்தாம் வேற்றுமையின் நீங்கல், ஒப்பு, எல்லை, ஏது என்பவற்றில் நீங்கல் 'அல்லொந்தனமேந்தோ'வுக்கும், ஒப்பு 'பரகோனே'வுக்கும், ஏது 'காவ்ஸா'வுக்கும் பக்கத்தில் நிற்கும். ஆங்கிலம் வழியாக இத்தாலியன் படித்தவர்கள் மண்டையை உடைத்துக்கொள்ளும் பட்டியல் நன்னூல் படித்தவருக்குப் பழகிய வீதி மாதிரி இருக்கும். சொல்லப்போனால் இந்தப் பாதை பழையது: இத்தாலியில் 1680இல் பிறந்த வீரமாமுனிவர் செந்தமிழ் இலக்கணத்தை லத்தீனில் எழுதினார், அதை பாபிங்டன் ஆங்கிலமாக்கி 1822இல் சென்னையில் அச்சிட்டார்கள்.

'கொம்ப்லெமேந்தோ தி ஸ்பெச்சிஃபிகத்ஸியோனே'யை எப்படி எழுதுவது?

'இல் லீப்ரோ தி மார்க்கோ', மார்க்கோவின் புத்தகம். நம் ஆறாம் வேற்றுமைக் கிழமைப்பொருள். 'காம்ப்ளிமென்ட் ஆஃப் ஸ்பெசிஃபிகேஷன்' என்று எழுதினால் கட்டட ஒப்பந்தம் மாதிரி இருக்கும். உடைமை என்றால் 'பொசெசிவ்', பொதுவாக 'ஆஃப் ஃப்ரேஸ்'. 'லர்ரீவோ தெல் த்ரேனோ' என்பதில் ரயில் வருகிறது, எழுவாய் உறவு. 'இல் தெஸிதேரியோ தி க்ளோரியா' என்பதில் புகழை விரும்புகிறார், செயப்படுபொருள் உறவு. இவற்றுக்கு ஆங்கிலத்தில் 'சப்ஜெக்டிவ் ஜெனிடிவ்', 'ஆப்ஜெக்டிவ் ஜெனிடிவ்' என்று தயாராகவே சொல் இருக்கிறது, தயங்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். 'லா சித்தா தி ரோமா' மட்டும் வேறு, அதை அவர்கள் 'தெனொமினத்ஸியோனே' என்பார்கள். ரோமுக்குச் சொந்தமான நகரம் என்று பொருள் இல்லை, ரோம் என்ற நகரம். ஆங்கிலத்தில் 'அப்பொசிட்டிவ் ஆஃப் ஃப்ரேஸ்'.

'அனாலிஸி க்ரம்மத்திகாலே', 'அனாலிஸி லோஜிகா' என்ற தலைப்புகள்?

முதலாவது ஒவ்வொரு சொல்லையும் பிரித்து அது என்ன என்று எழுதும் பயிற்சி: 'லீப்ரோ, நோமே கொமூனே தி கோஸா, மஸ்கீலே, ஸிங்கொலாரே'. ஆங்கிலத்தில் 'பார்சிங்' அல்லது 'வேர்ட் கிளாஸ் அனாலிசிஸ்'. இரண்டாவது வாக்கிய உறுப்புகளைப் பிரிப்பது. 'லாஜிகல் அனாலிசிஸ்' என்று எழுதினால் தத்துவத் துறை ஆள் வந்து உட்கார்ந்துவிடுவார், 'சென்டென்ஸ் அனாலிசிஸ்' என்று எழுதுங்கள். கூடவே வரும் 'பெரீயொதோ' முற்றுப்புள்ளியோ காலகட்டமோ இல்லை, கூட்டு வாக்கியம். 'ப்ரொபொஸித்ஸியோனே' என்றால் 'க்ளாஸ்'. எழுத்தில் 'ப்ரெபொஸித்ஸியோனே'யோடு ஓர் உயிரெழுத்துதான் வித்தியாசம், பிழைதிருத்தும்போது தேடிப் பாருங்கள்.

எங்கே சரிபார்ப்பது?

இருமொழி அகராதியில் தேடாதீர்கள், அது ஒரே மாதிரி முகம் உள்ள சொல்லைத்தான் கொடுக்கும், இயந்திர மொழிபெயர்ப்பும் பெரும்பாலும் அப்படித்தான். இத்தாலியப் பக்கம் என்ன அர்த்தம் என்று பார்க்க த்ரெக்கானி கலைக்களஞ்சியத்தின் இணையப் பக்கம், 1583இல் ஃபிளாரன்ஸில் தொடங்கிய க்ரூஸ்கா அகாதமியின் மொழி ஆலோசனைப் பகுதி. ஆங்கிலப் பக்கம், ஆங்கிலேயர்களுக்காக எழுதப்பட்ட இத்தாலிய இலக்கணம் ஒன்றை எடுத்து அதே எடுத்துக்காட்டு எந்தத் தலைப்பின் கீழ் வருகிறது என்று பாருங்கள். கலைச்சொல்லைத் தேடுவதை விட 'மூரி, மூரா' என்ற எடுத்துக்காட்டைத் தேடினால் விடை சீக்கிரம் கிடைக்கும்.

அகராதியின் சுருக்கக் குறிகளை மாற்ற வேண்டுமா?

கண்டிப்பாக. இத்தாலிய அகராதியில் பெயர்ச்சொல்லுக்குப் பக்கத்தில் 'எஸ்.எம்.' என்று இருந்தால் 'சொஸ்தந்தீவோ மஸ்கீலே', 'எஸ்.எஃப்.' பெண்பால். அதை அப்படியே விட்டால் ஆங்கில வாசகர் 'எஸ்' என்பதை 'சிங்குலர்' என்று படிப்பார், பன்மை மட்டும் உள்ள சொல்லுக்குப் பக்கத்திலும் அந்த 'எஸ்' நிற்பதைப் பார்த்து அகராதியில் பிழை என்று எழுதி அனுப்புவார். 'என்.எம்.', 'என்.எஃப்.' என்று மாற்றிவிடுங்கள். 'கந்தாந்தே' வகைக்கு 'என்.எம்.எஃப்.'. மாறாத பெயருக்கு 'இன்வ்.' என்ற குறி இரு பக்கமும் ஒன்றே.